நட்சத்திரத்துக்குத் தாகம்

ஆஸ்திரேலியாவின் மில்டுரா ஊர்மன்றத்தில் சனிக்கிழமைதோறும் அற்புதம் நடந்தது. வாசலில் சாசேஜ் சுட்டார்கள். உள்ளே பேசாத பிள்ளைகள் பேசினார்கள். வாயால் அல்ல, டெல்வீன் அம்மையாரின் கை வழியாக. பிள்ளையின் மணிக்கட்டை அவர் பிடிப்பார். விரல் எழுத்துப் பலகையில் தத்தித் தத்திப் போகும். "நான் நட்சத்திரத்திலிருந்து வந்தவள்" என்று வாக்கியம் முடியும். பெற்றோர் அழுவார்கள். பிள்ளை மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆன்மாவுக்குக் கண் தேவையில்லை என்பது டெல்வீனின் விளக்கம்.

கடைசி வரிசையில் நெரிஸ் இருந்தாள். குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவள். தண்ணீர் வேண்டுமென்றால் தண்ணீர்ப் படத்தை எடுத்து நீட்ட ஐந்து வயது மேவுக்குக் கற்றுக்கொடுத்தவள். அதற்கே ஒரு வருடம் போனது. போன வாரம் மேவின் விரல் எழுதியது: "நெரிஸின் படங்கள் என்னை அவமதிக்கின்றன. டெல்வீனிடம் வாரம் இருமுறை வர விரும்புகிறேன்." அம்மா ட்ரூடி அன்றே படங்களைக் குப்பையில் போட்டாள். இப்போது தாகம் எடுத்தால் மேவ் தன் கையைக் கடித்துக்கொள்கிறாள். நட்சத்திரத்துக்கும் தாகம் எடுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேவின் முறை வந்தது. நெரிஸ் எழுந்தாள். பேச்சுச் சொல்லித்தருகிறவளுக்குக் கூட்டத்தைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். இருந்தும் கேட்டாள்.

"மேவ் பலகையையே பாக்கல. அவளுக்குக் கண்ணு வேணாம்னா உங்களுக்கும் வேணாமே, டெல்வீன். கொஞ்சம் மூடிக்கிறீங்களா?"

"மூடிட்டாப் போச்சு, கண்ணு. உன் படிப்புக்குப் புரியாதது எவ்வளவோ இருக்கு," என்றார் டெல்வீன். கூட்டம் கைதட்டியது. வேறு வழியில்லாமல் கண்ணை மூடினார்.

எல்லோர் முன்னிலையிலும் நெரிஸ் பலகையைச் சற்றுத் திருப்பி வைத்தாள்.

டெல்வீன் பிடித்திருந்த மேவின் விரல் கிளம்பியது. அர்த்தமில்லாமல் நாலு எழுத்தைத் தொட்டது. பிறகு பலகையைத் தாண்டி, மேசை விளிம்பில் மும்முரமாக எழுதத் தொடங்கியது. மேவ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்வீன் கண்ணைத் திறந்தார். சந்தேகப்படுகிறவர்கள் இருக்கும் இடத்தில் ஆன்மா ஒளிந்துகொள்ளும் என்றார்.

ட்ரூடி மெல்லக் கேட்டாள். "அப்போ படம் வேணாம்னு சொன்னது யாரு?"

மேவ் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். நெரிஸ் பையிலிருந்து புதிய படங்களை எடுத்துப் பரப்பினாள். யாரும் பிடிக்காத சின்னக் கை ஒரு படத்தை எடுத்து ட்ரூடியிடம் நீட்டியது. ட்ரூடி குழாயடிக்கு ஓடினாள்.

பின்னாலிருந்து ஒரு தகப்பன் டெல்வீனிடம் கேட்டார், அடுத்த சனிக்கிழமை உண்டா என்று.

பேசாத பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க நெரிஸ் இருக்கிறாள். யோசிக்காத பெரியவர்களுக்கு யார் கொடுப்பது?