குண்டெறியப் பட்டுச்சேலை எதற்கு?

கேமராவோடு வருகிறவர் "இயல்பா இருங்க மேடம்" என்று சொன்னால், அந்த நிமிடத்திலிருந்து நம் இயல்பு நம்மிடம் இல்லை என்று அர்த்தம். இதை நான் கோட்டையூரில், ஒரு பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

நான் குண்டு எறிகிறவள். இயந்திரவியலும் படித்தவள். எதையும் சோதிக்காமல் 'சரி' போட மாட்டேன். (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.) கல்லூரி மூன்றாம் ஆண்டில் மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கியதும், ஒரு பத்திரிகையின் மகளிர் பகுதியிலிருந்து நிருபர் ஒருவர் போன் செய்தார். பேட்டி, படம், கூடவே வீடியோ.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். காரைக்குடியில் நாங்கள் பயிற்சி செய்யும் மைதானத்தில் குண்டெறியும் வட்டம் சிமென்ட் பெயர்ந்து கிடந்தது. சுழன்று எறியும்போது கால் குழியில் மாட்டும். எங்களில் ஒருத்திக்குக் கணுக்கால் முறிந்தே போனது. மனு கொடுத்து ஓய்ந்துவிட்டோம். பத்திரிகையில் அந்த வட்டத்தின் படம் வந்தால் யாராவது அசைவார்கள்.

ஆனால் இந்த மாதிரிப் பேட்டிகள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எனவே போனிலேயே நிபந்தனை போட்டேன். ஒன்று, தோசை சுடுவதுபோல் படம் கிடையாது. இரண்டு, கல்யாணம் எப்போது என்ற கேள்வி கிடையாது. மூன்று, அம்மாவை அழவைக்கக் கூடாது. நான்கு, வட்டம் படத்தில் வர வேண்டும்.

"கண்டிப்பா மேடம்" என்றார், நான் நான்காவதை முடிப்பதற்குள். பேரமே பேசாமல் ஒப்புக்கொள்கிறாரே என்று அப்போதே உறுத்தியது.

கட்டட வேலை எடுத்துச் செய்யும் என் சித்தப்பா பைக்கில் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். "மூஞ்சியக் கடுகடுன்னு வச்சிருக்காதத்தா. அவுக நல்லதுக்குத்தான் வாராக."

நிருபர் வட்டத்தை எட்டிப் பார்த்தார். "லைட் சரியில்லை மேடம். இதைச் சாயங்காலம் எடுத்துக்கலாம். முதல்ல கோட்டையூர்ல ஒரு வீடு பேசி வச்சிருக்கோம்."

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அதைவிட என்ன லைட் வேண்டும்?

கோட்டையூர் வீட்டில் ஒரு பை தயாராக இருந்தது. உள்ளே மாம்பழ நிறப் பட்டுச்சேலை, வளையல், ஒரு கூடைக்கே போதுமான மல்லிகை.

"இது எதுக்கு?"

"ஒரே ஒரு ஷாட் மேடம். பெண்மையும் வலிமையும்."

எங்கள் மைதானத்தில் நீளம் தாண்டும் முத்துக்குமாரை இதே நிருபர்தான் முன்பு பேட்டி எடுத்திருந்தார். ஓரமாகப் போய் அவனுக்குப் போன் போட்டேன்.

"உன்னைய எப்படிடா எடுத்தாக?"

"மணல்ல விழுந்து எந்திரிக்கையில எடுத்தாக. எங்கேருந்து ஓட ஆரம்பிக்கிறேன்னு கேட்டாக."

"பட்டு வேட்டி கட்டச் சொல்லலயா?"

"எதுக்கு? நான் என்ன மாப்பிள்ளையாவா போனேன்?"

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் வட்டத்தை எடுப்பாரே! சேலையைக் கட்டினேன்.

குண்டைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துச் சுற்றிலும் பூ வைத்தார்கள். (என்னைவிட அதற்குத்தான் அலங்காரம் எடுப்பாக இருந்தது.)

"குழந்தையப் பாக்குற மாதிரி பாருங்க மேடம்."

பார்த்தேன்.

"இன்னும் பாசமா."

நான்கு கிலோ இரும்பை அதற்கு மேல் பாசமாகப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

"சரி, தாம்பாளத்தை ஏந்திக்கிட்டு அப்படியே நடந்து வாங்க."

குழி விழுந்த வட்டத்திலேயே சமாளித்து நின்ற கால், கொசுவத்தில் தடுக்கியது. தாம்பாளம் சாய்ந்தது. குண்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் இறங்கியது. பூப்போட்ட கல் ஒன்று மூன்று துண்டானது.

வீட்டுக்கார ஆச்சி ஓடி வந்தார்.

"அடி ஆத்தி! எங்க அப்பச்சி பாத்துப் பாத்துப் போட்ட தளம்! ஏன் தம்பி, சேலைக்கடை விளம்பரம்னுதானே வீட்டைக் கேட்டீக? சேலை கட்டி நிக்கிற பொண்ணு எதுக்கு இரும்பத் தூக்கிட்டு அலையுது?"

நிருபர் என் பக்கம் திரும்பவே இல்லை. சேலை இருந்த பையைத் திருப்பிப் பார்த்தேன். கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தோசையையும் கல்யாணத்தையும் அழுகையையும் அத்தனை கவனமாகத் தடுத்தவள், சம்பளமில்லாத விளம்பர மாடலாக உடைந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. நிருபர்தான் இல்லை.

கட்டுரை வந்தது. தலைப்பு, 'பட்டுக்குள் ஓர் இரும்பு'. குண்டு நழுவிய நொடியில் நான் வாயைப் பிளந்து நின்ற படம். அதன் கீழே 'வெற்றிக் களிப்பில்' என்று போட்டிருந்தார்கள். சேலையின் நிறம், கரை, கடை எல்லாம் இருந்தன. நான் எறிந்த தூரம் இல்லை. வட்டம் இல்லவே இல்லை.

சித்தப்பா பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினார். "எங்குட்டுத்தா இருக்கு உன் வட்டம்?" என்றார். பிறகு அவரே ஆச்சி வீட்டுக்குக் கல் மாற்றிக் கொடுத்தார். (நிறம் மட்டும் இன்றுவரை சேரவில்லை.) அடுத்த ஞாயிறு மைதானத்தில் அனுமதி கேட்டு, சிமென்ட் மூட்டைகளோடு வந்து இறங்கினார். நான் அளந்தேன், மற்ற பெண்கள் கலவை போட்டார்கள், அவர் பூசினார். வட்டம் வந்துவிட்டது.

இது தெரிந்து நிருபர் மறுபடியும் போன் செய்தார். பெண்கள் சிமென்ட் கலப்பது அருமையான ஸ்டோரியாம். "எந்தக் கடைச் சேலை?" என்று மட்டும் கேட்டேன். வைத்துவிட்டார்.

ஆச்சி வீட்டுக் கல் உடைந்த நாளிலிருந்து எங்கள் குடும்ப விசேஷங்களில் யாரும் என்னிடம் சாம்பார் வாளியைக் கொடுப்பதில்லை. போன மாதம் கல்லலில் ஒரு கல்யாணம். பரிமாற ஆள் பற்றாமல், யாரையும் கேட்காமல் பாயச வாளியைத் தூக்கிவிட்டேன். வீடியோக்காரர் ஓடி வந்து, "அக்கா, இங்க பாத்து ஒரு சிரிப்பு" என்றார்.

பந்தியின் மறுகோடியிலிருந்து சித்தப்பா கத்தினார். "தம்பி, கேமராவ அங்குட்டுத் திருப்புங்க! மண்டபத்துக்குத் தளம் புதுசாப் போட்டிருக்காக!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.