விலாசம் வெட்டிய கரண்டி

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ சாமான்களைக் கெடுக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையின் முதற்சோற்றுக் கரண்டியைக் கெடுத்தவனுக்கு மன்னிப்பே கிடையாது. நான் கெடுத்தவன்.

சுனாமிக் கடல் வந்து போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. பெரியகல்லாற்றில் எங்கள் வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருக்க, நாங்கள் முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். கடல் வந்த அன்று மகள் அபிலாஷினி பிறந்து இருபது நாள். (அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் என் மனைவி வசந்தி. நான் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று கேட்காதீர்கள். ரேடியோ.)

கடல் கொண்டுபோன சாமான்களில் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று, வசந்தியின் தாயான மாமியின் பித்தளைக் குடம். அதில் பெயரும் ஊரும் வெட்டியிருந்தபடியால், சேற்றில் கண்டெடுத்தவர் சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். அன்றைக்கு எனக்கு ஞானம் பிறந்தது. பெயர் இருந்தால் போனது திரும்பி வரும்! வாளி, சட்டி, சட்டி மூடி என்று எங்கள் நிவாரணச் சாமான் எல்லாவற்றிலும் ஆணியால் பெயர் கீறினேன்.

இதற்கிடையில் மகளின் நிறை ஏறவில்லை. கிளினிக் அட்டையில் கோடு படுத்துவிட்டது. வசந்தி அந்த அட்டையைப் பார்த்துப் பார்த்து அழுவாள்.

"தாய்ப்பாலோட இனிச் சோறும் குடுக்கணும்" என்றார் கிளினிக் மருத்துவமாது. "போத்தல் வேணாம். சின்னக் கரண்டி வாங்குங்க. ஆழமில்லாம, மழுமழுண்டு இரிக்கணும். விளங்கிச்சா தம்பி?"

நன்றாகவே விளங்கியது. மட்டக்களப்புச் சந்தையில் ஐந்து கடை ஏறி இறங்கினேன். பிளாஸ்டிக் கரண்டி வளைந்தது. பூப்போட்டது கீறியது. ஒவ்வொன்றையும் என் உதட்டில் உரசிப் பார்த்தேன். (மீசை வைத்த ஆள், இருபத்தொன்பது வயது.) கடைசிக் கடையில் அகப்பட்ட கரண்டி வாய்க்குள் போனதே தெரியவில்லை.

"வாய் வச்சா வாங்கத்தான் வேணும் தம்பி" என்றார் கடைக்காரர்.

வாங்கியதோடு நான் பஸ் ஏறியிருக்கலாம். பக்கத்தில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுபவர் இருந்தாரே!

"பிடியில 'அபி' எண்டு வெட்டுறன். அதுவே காணும்" என்றார் அவர்.

"முகாமில எத்தின அபி இரிக்கி! முழுப்பேரும் ஊரும் வெட்டுங்க."

"ஊருக்கு எங்க இடம்?"

"குழிக்குப் பின்பக்கம் சும்மாதானே கிடக்கு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உளியைத் தட்டித் தட்டி, கரண்டிக் குழியின் முதுகில் புள்ளி புள்ளியாக 'பெரியகல்லாறு' என்று வெட்டித் தந்தார். அந்த எழுத்தின் அழகை ரசித்தபடியே ஊர் வந்து சேர்ந்தேன். திருப்பி உட்பக்கம் பார்க்கவில்லை. மெல்லிய தகடு, பின்னால் குத்திய ஒவ்வொரு புள்ளியும் முன்னால் முளைத்திருந்தது.

சித்தாண்டி முருகன் கோயிலில் சோறு தீத்தினோம். (முதற்சோறு ஊட்டுவதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) முதல் வாய் தீத்த வேண்டியது தகப்பன். கோயிலில் பொங்கிய புக்கையைக் குழைத்து மகளின் வாயில் வைத்து, மேலுதட்டில் வழித்து எடுத்தேன். அவள் வீரிட்ட சத்தத்தில் ஐயர் மந்திரத்தை நிறுத்தினார். உதட்டில் ஒரு பொட்டு இரத்தம்.

மாமி கரண்டியைப் பறித்து விரலால் தடவிப் பார்த்தார். "மருமகன், இது கரண்டியா, தேங்காத் திருவலையா?"

கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்கு முருகனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது.

வசந்தி கையைக் கழுவி, விரல் நுனியால் துளித் துளியாகத் தீத்தினாள். மகள் விம்மிக்கொண்டே சப்பினாள். மறுபடி வாயைத் திறந்தாள். பிறகு விரலை விடாமல் பிடித்துக்கொண்டாள். கடல் வந்த பிறகு வசந்தி சிரித்ததை அன்றுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த மாதம் அட்டையில் கோடு நிமிர்ந்தது. மருத்துவமாது கரண்டியைக் கேட்டு வாங்கி, எதைப் பாவிக்கக் கூடாது என்று வருகிற தாய்மாருக்கெல்லாம் காட்டினார். பெயரும் ஊரும் தெளிவாக இருந்ததால், யாருடைய வேலை என்று ஒருவரும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

யுத்தம் முடிந்து, சொந்தக் காணியில் வீடும் கட்டிவிட்டோம். இன்றைக்கும் நான் எது வாங்கப் புறப்பட்டாலும் வசந்தி வாசலில் நின்று, "வாங்குங்க, பேர் மட்டும் வெட்டாதீங்க" என்பாள்.

போன வருடம் மகள் பல்கலைக்கழக விடுதிக்குப் புறப்பட்டாள். அவளுக்கு ஒரு சில்வர் தட்டு வாங்கிவந்தேன். முதல் வேலையாக அதைத் திருப்பி அடியைத் தடவினாள்.

"என்னப்பா, ஊர் ஒண்டும் வெட்டல்லையா?"

"இல்ல புள்ள."

"நல்லம். வெட்டாட்டியும் நான் வீட்ட திரும்பி வருவன்."

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன்.