சேர், இன்னொரு தாள்!

வட்டக்கச்சி,
மாசி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பின் மச்சான் பரமேஸ்வரனுக்கு,

இங்கு நாங்கள் நலம், பசுவும் கன்றும் நலம், என்னுடைய நீளக் காற்சட்டை மட்டும் நலமில்லை. கொழும்பில் நீரும் தங்கச்சி கௌசலாவும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை. போனில் சொல்லாமல் கடிதம் ஏன் என்று யோசிக்க வேண்டாம். என் போனைத் திறந்து தருகிறவளே எங்கள் மகள், உமது மருமகள் சாரங்காதான். அதனால் இது மரக்கறி லொறியில், அரிசிப் பைக்குள் வருகிறது.

காற்சட்டைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போனமுறை சட்டச் சோதனையில் இவள் பாதியில் எழும்பி வந்தது உமக்குத் தெரியும். படிக்காமல் இல்லை. அரை மணித்தியாலத்துக்குள் பக்கத்துப் பிள்ளை மேலதிகத் தாள் கேட்டதாம், இவளுக்குக் கை விறைத்துப் போச்சாம். படித்தது மட்டும் போதாது, மனதையும் உடம்பையும் பழக்கு, சோதனை நடக்கிற அதே நேரத்தில் வீட்டிலும் மூன்று மணித்தியாலம் கதிரையில் இருந்து எழுது என்று இந்தமுறை விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் மேற்பார்வையாளர் வேலைக்கு வேறு ஆளில்லை. கலியாணத்துக்குத் தைத்த காற்சட்டையை மூச்சைப் பிடித்துப் போட்டுக்கொண்டு, விறாந்தையில் மணியடித்துச் சோதனையைத் தொடக்கினேன். கொஞ்ச நேரத்தில், "அப்பா, மண்டபத்தில சத்தம் போடக்கூடாது" என்று ஒரு குரல். குறட்டை விட்டது நான்தான். திடுக்கிட்டு எழும்பின வேகத்தில் பொத்தான் தெறித்து அவளுடைய விடைத்தாளில் விழுந்தது. "இது எந்தச் சட்டத்துக்குள்ள வரும் அப்பா?" என்றாள்.

அடுத்தநாள் பயத்துக்கு மருந்தை நானே கண்டுபிடித்தேன். உமது அக்காவைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, நினைத்த நேரமெல்லாம் எழும்பித் தாள் கேள் என்றேன். "எனக்குக் குசினியில வேலை கிடக்கு" என்று புறுபுறுத்த மனிசி, கதிரையில் இருந்ததும் ஆளே மாறிப்போனா.

"சேர், இன்னொரு தாள்!"

"இப்பதானே தந்தனான்?"

"அது முடிஞ்சுது. ரெண்டாத் தாங்கோ."

மண்வெட்டி கேட்டு வந்த பக்கத்து வயல் வீரையாவையும் பிடித்து இருத்தினேன். அவர் பேனையைத் திறக்கவே இல்லை, "அண்ணே, அக்காவுக்கு மட்டும் குடுக்கிறீங்க, எனக்கும் ஒன்னு குடுங்க" என்று சண்டைக்கு வந்துவிட்டார். சாரங்கா முதலில் திடுக்கிட்டாள், பிறகு சிரித்தாள், நேற்று தலையை நிமிர்த்தவே இல்லை. மூன்று மணித்தியாலமும் இருந்து எழுதி முடித்துப்போட்டு, "அம்மா இண்டைக்குத் தாள் கேட்டவாவோ?" என்கிறாள். எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு மச்சான். அப்படி உமது அக்கா என்னதான் எழுதினா என்று எடுத்துப் பார்த்தேன். கூரை ஒழுக்கு, கிணத்துக் கப்பி, தன்னைக் கேளாமல் நான் விற்ற ஆடு. முழுக்க என்மேல் முறைப்பாடு! மகள் வாசித்துப்போட்டு, "வழக்குப் பலமாத்தான் இருக்கு அப்பா" என்றாள்.

அவள் சனிக்கிழமை ரயில் கோச்சியில் வருகிறாள். திங்கள் சோதனை. நேரத்தோடு படுக்க விடும். காலையில் புட்டைக் குவித்துக் கௌசலா அன்பைக் காட்ட வேண்டாம், வயிறு பாரமானால் கண் சொருகும், நானே சாட்சி. "பயமில்லைத்தானே?" என்று ஒருவரும் கேட்கக்கூடாது. நான் வரமாட்டேன். "உங்கட முகத்தைப் பார்த்தாலே எனக்குக் கை விறைக்கும் அப்பா" என்று சொல்லிப்போட்டாள். நியாயம்தான். அதோடு அன்றைக்குத்தான் வயலுக்கு வெட்டு மெசின் வருகிறது. விளைந்த நெல்லை விட்டுவிட்டுக் கமக்காரன் ஊர் சுற்றுவானோ?

உமது வீட்டில் சோறும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உமது அத்தான் மயில்வாகனம்

பி.கு.: மெசினை வீரையாவின் வயலில் முதலில் இறக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிறு இரவு பஸ்ஸில் வருகிறேன். சாரங்காவுக்குச் சொல்லிப்போடாதையும். உமது வீட்டுக்கும் வரமாட்டேன், மண்டபத்துக்கு எதிர்த்தாற்போல் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது, போனமுறையும் அங்கேதான் நின்றேன். காற்சட்டைக்குப் பொத்தான் தைத்தாயிற்று. நேற்று அவள் எழுதி முடித்தபோது, "கெட்டிக்காரி" என்று மட்டும்தான் சொன்னேன். பாதியில எழும்பி வந்தாலும் வாசல்ல அப்பா நிப்பன் எண்டதை வாய்விட்டுச் சொல்லேல்லை.