நாலு சக்கரத்துக் குளிர்

லிகாயா தலையணையை இடுக்கிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தபோது, அவள் கணவர் அன்செல்மோ பலுயோட் வாசலில் நின்று அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இது பதினோராவது நாள். எண்ணுவது அக்கம்பக்கத்தாரான எங்கள் வேலை இல்லைதான். ஆனால் பதினான்காம் மாடியில் ராத்திரி எட்டு மணிக்கு வேறு என்ன நடக்கிறது?

"இன்னைக்கும் போறியா?" என்றார்.

"இந்த ரூம்ல படுத்தா காலையில என்னைச் சோத்துக்குத் தொட்டுக்கலாம். அப்படி வெந்திருப்பேன்."

"இன்னும் ரெண்டே நாள். எந்த ஏசின்னு முடிவு பண்ணிடுவேன்."

"நிதானமா பண்ணு செல்மோ. அவசரமே இல்ல," என்றாள் லிகாயா அன்பாக. லிஃப்ட் கதவு மூடியது.

அவள் போனது எதிர்க் கட்டடத்துக்கு. நடுவில் நீச்சல் குளம், அதைத் தாண்டினால் பி டவர், அதில் ஒன்பதாவது மாடியில் அவளுடைய அக்கா பெர்லிட்டா. பெர்லிட்டாவின் கணவர் கப்பல்காரர். வருஷத்தில் பத்து மாதம் கடலில். ஜனவரியில்தான் அங்கே குடிவந்தாள். அவள் வீட்டு ஏசி அறையில்தான் இப்போதெல்லாம் தூக்கம் என்பாள் லிகாயா.

மணிலாவை ஒட்டிய எங்கள் மண்டலுயோங்கில் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதிலும் அன்செல்மோவின் படுக்கையறை மேற்குப் பார்த்தது. வெளிச்சுவரில் ஏசிப் பெட்டி தொங்கக் கூடாது, ஜன்னலில் ஓட்டை போடக் கூடாது, பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று கட்டட நிர்வாகத்தின் சட்டம். மிஞ்சியது, சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு வரும் ஏசி ஒன்றுதான்.

இதில் அன்செல்மோவுக்கு அவசரம் இருந்தது. பலுயோட் தம்பதி பிரிந்துவிட்டார்கள் என்று மாடியில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. யார் கிளப்பியது என்பது இங்கே முக்கியமில்லை. மனைவி வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும், அதுவும் எல்லோரும் பார்க்க வர வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

அன்செல்மோ இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர். மேஜைக்கு வருகிற ஒவ்வொரு தாளையும் சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர் ஏசி வாங்குவதென்றால் சும்மாவா? ஒரு நோட்டு போட்டார். குதிரைத்திறன், சத்தம், எடை, குழாயின் நீளம், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு என்று கோடு போட்டுப் பதினேழு ஏசிகளை வரிசைப்படுத்தினார். சாப்பாட்டு மேஜையில் அதை வாசித்தும் காட்டினார். ஒரு குதிரைக்கும் ஒன்றரைக் குதிரைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் விளக்கி முடிப்பதற்குள் லிகாயாவின் தட்டில் இருந்த மீன் ஆறிப்போய்விடும்.

"உங்க அக்கா வச்சிருக்கிறது என்ன கம்பெனி?" என்று ஒருநாள் கேட்டார்.

"வெள்ளை," என்றாள் லிகாயா.

"கம்பெனி கேட்டேன்."

"வெள்ளையா இருக்கும். சக்கரம் இருக்கும். போட்டா குளிரும். அதுக்கு மேல நான் அதுகிட்ட பேசினதில்ல."

"எத்தனை குதிரை?"

"அங்க படுத்தா போர்வை வேணும். அதைக் கணக்குப் போட்டுக்கோ."

பெண்களுக்கு இயந்திரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அன்செல்மோ நோட்டை மூடினார். நேரே போய்ப் பார்த்துவிடலாமே என்று நாங்கள் யோசனை சொன்னோம். "பெர்லிட்டாவைப் பார்த்து காப்பி அடிச்சேன்னு பேர் வரணுமா? அவ வீட்டைவிட என் வீடு குளிரணும். அப்புறம் அவளைக் கூப்பிட்டுக் காட்டுவேன்," என்றார். பெர்லிட்டாவின் கிரகப்பிரவேசத்துக்கே, பரிசு என்ன கொடுப்பது என்று முடிவு செய்ய முடியாமல், போகாமல் இருந்தவர் அவர்.

கடையில் அவரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நாலாவது தடவை போனபோது விற்பனைப் பெண் நாற்காலி போட்டாள்.

"சார், நீங்க சொன்ன விளக்கத்தைக் கேட்டு நேத்து ரெண்டு பேர் வாங்கிட்டுப் போனாங்க. நீங்க எப்ப வாங்கப் போறீங்க?"

"அவங்க அவசரப்பட்டுட்டாங்க," என்றார் அன்செல்மோ வருத்தத்துடன்.

ஐந்தாவது தடவை வாங்கிவிட்டார். ஒரு குதிரை. பெட்டி வந்த அன்று மாடியே திரண்டு வாசலில் நின்றது. பிரித்து, உருட்டிப் படுக்கையறையில் நிறுத்தி, முதுகில் இருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாயை இழுத்தார். வெப்பக்காற்று அதன் வழியாக வெளியே போக வேண்டும். ஜன்னலைத் திறந்தார். அது நாலு விரல் திறந்தது. அதற்கு மேல் திறக்காது. யாரும் விழுந்துவிடக் கூடாது என்று அப்படிக் கட்டியிருக்கிறார்கள். குழாயின் வாயோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்.

ஜன்னலின் உயரம், அகலம், சட்டத்தின் தடிமன் மூன்றையும் மூன்று தடவை அளந்தவர், அது எவ்வளவு திறக்கும் என்பதை மட்டும் அளக்கவில்லை.

"குளியலறைக்குள்ள விட்டுட்டா என்ன?" என்று தானே கேட்டுக்கொண்டு, தானே சபாஷ் சொல்லி, அப்படியே செய்தார்.

படுக்கையறை குளிர்ந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. லிகாயாவை வரவழைத்தார். அவள் அறையில் நின்று தலையாட்டினாள். பிறகு பல் தேய்க்கப் போனாள். பற்பசை மூடியைத் திறந்ததும் அது தானாக வழிந்தது. சோப்பு, சோப்புப் பெட்டியோடு ஒன்றாகியிருந்தது.

"ரூம்ல ஐஸ்கிரீம், பக்கத்துல அடுப்பு," என்றாள். "ராத்திரி எழுந்து போனா நான் பிரெட் மாதிரி உப்பிடுவேன் செல்மோ." தலையணை லிஃப்ட் ஏறியது.

அடுத்ததாக ஜன்னல் கண்ணாடியையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பலகை அடித்து, அதில் வட்டமாக அறுத்துக் குழாயைச் செருகினார். இரண்டு நாள் சுகம். மூன்றாம் நாள் நிர்வாக அலுவலகத்திலிருந்து திருமதி எங்ராசியா வந்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை.

"மிஸ்டர் பலுயோட், நீச்சல் குளத்துலேருந்து பார்த்தா உங்க ஜன்னல்ல ஒரு மிருகம் மூச்சு விடுற மாதிரி இருக்கு. குழந்தைங்க பயப்படுதுங்க."

"அது வெறும் காத்து மேடம்."

"அது உங்க காத்து. அதை உள்ளேயே வச்சுக்கோங்க. சாயங்காலத்துக்குள்ள கண்ணாடி பழையபடி இருக்கணும்."

சாயங்காலத்துக்குள் கண்ணாடி பழையபடி இருந்தது. குழாய்தான் இடம் மாறியது. இன்னொரு குழாய் வாங்கி ஒட்டி நீட்டி, கூடத்தைக் கடந்து, வாசற்கதவின் வழியாக நடைபாதையில் விட்டார். அதாவது எங்கள் முகத்தில் விட்டார்.

நாங்கள் சண்டைக்குத்தான் போனோம். முதலில் போனவள் 1406-ல் இருக்கும் சலோமே. கையில் ஆபீஸ் சட்டை இரண்டு, அப்போதுதான் பிழிந்தது. திட்டுவதற்காகக் குழாய்க்கு எதிரில் நின்றவள், திட்டி முடிப்பதற்குள் சட்டைக் காலர் காய்ந்துவிட்டதைக் கண்டாள். பால்கனியில் துணி போட முடியாத கட்டடத்தில் இது சின்ன விஷயமா? மறுநாள் காலையில் நடைபாதையில் இரண்டு கயிறு. மத்தியானம் நாலு. மறுநாள் யாரோ உப்புப் போட்ட மீனையும் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள்.

அன்செல்மோ ஏசியை நிறுத்தினால் கதவு தட்டப்படும்.

"அண்ணே, என் போர்வை இன்னும் ஈரமா இருக்கு. ஒரு அரை மணி நேரம் ஓடட்டுமே."

"நான் ஆபீஸ் போகணும் சலோமே."

"போங்க. சாவியைக் குடுத்துட்டுப் போங்க."

லிகாயா ஒருநாள் வந்தாள். துணிகளை விலக்கிக்கொண்டு, மீனுக்குக் குனிந்து, வீட்டு வாசலை அடைந்தாள். அறை குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது வந்து துணியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். "நான் சலவைக்கடையில தூங்கினதில்ல," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். போகும்போது சலோமேயிடம், "நல்லா காயுதாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டதை நாங்கள் கேட்டோம்.

எங்ராசியா மறுபடி வந்தார். மீன் போயிற்று, கயிறு போயிற்று, குழாயும் போயிற்று.

அன்செல்மோ தோற்கவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். பழைய ஏசியைக் கடையில் திருப்பிக் கொடுத்து, இரட்டைக் குழாய் வைத்த, இரண்டு குதிரை ஏசியை எடுத்தார். ஜன்னலில் வைக்க, கண்ணாடி மாதிரியே தெரியும் அக்ரிலிக் தகட்டை அளவெடுத்து, குழாய்க்கு ஓட்டை விட்டு வெட்டினார். குழாய் வாய்க்கு வெள்ளை மூடி செய்தார். அதைப் படம் வரைந்து எங்ராசியாவிடம் மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கினார். வெள்ளிக்கிழமை அதைப் போட்டார். அறை பதினெட்டு டிகிரிக்கு இறங்கியது. அவர் வாயிலிருந்து புகை வந்ததாக அவரே சொன்னார்.

லிகாயா வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். கையை நீட்டிக் காற்றைத் தொட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். குரலில் கொஞ்சம் திகைப்பு.

"சத்தம் கேக்குதா? கேக்காது. ஏன்னு சொல்லட்டுமா?"

சொன்னார். நாற்பது நிமிஷம் சொன்னார். அக்ரிலிக் தகட்டின் தடிமனைப் பற்றியே பதினைந்து நிமிஷம். லிகாயா இருமினாள், காது குடைந்தாள், கடைசியில் போனை எடுத்தாள்.

"பாவம் செல்மோ, உங்க அக்கா கொஞ்சிங் புலக்கான்ல வேகுறாங்களாம். நம்ம வீட்டுல இவ்வளவு குளிர் வச்சுக்கிட்டு அவங்களைக் கூப்பிடாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு போய்விட்டது.

எங்கள் ஊரில் ஏசி இருக்கும் ஒரே அறை யாருக்கும் சொந்தமில்லை. வெயில் காலத்தில் அது குடும்பத்துக்குச் சொந்தம். பாய் விரிக்க இடம் இருக்கும்வரை வருகிறவரை வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டில் அடுத்த சாவுக்கும் ஆள் வராது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சிங் வந்தாள். கூடவே கணவர், மூன்று குழந்தைகள், கணவரின் இரண்டு தங்கைகள், பெயர் யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு உறவினர். ஐந்து பாய். ஒரு பானை அடோபோ இறைச்சிக் குழம்பு. பச்சை மாங்காயும், அதற்குத் தொட்டுக்கொள்ளப் புளித்த இறால் விழுதும்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் படுக்கையறைக்குள் போனார்கள். கட்டிலில் நாலு, தரையில் நாலு. இறால் விழுதும் உள்ளேதான் இருந்தது.

"தம்பி, கதவைச் சாத்து, குளிர் போயிடும்," என்றாள் கொஞ்சிங்.

"எனக்கு இடம்?"

"நீ தினமும் இதுலதானேடா இருக்கே. ஒரு வாரம் எங்களுக்கு விட்டுக்கொடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"ஒரு வாரமா?"

"பள்ளிக்கூடம் லீவுதானே."

லிகாயா அப்போதே தலையணையோடு தயாராக இருந்தாள். "விருந்தாளி இருக்கிற இடத்துல நான் எதுக்கு இடைஞ்சலா? அக்கா வீட்டுக்கே போறேன்," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்செல்மோ கூடத்தில் சோபாவில் படுத்துப் பார்த்தார். சூரியன் நேராக அவர் நெற்றிக்கு வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர் அவருடைய இரண்டு குதிரைக் காற்றில் குறட்டை விட்டார்கள். மூன்று மணிக்கு எழுந்தார். தன் தலையணையை எடுத்தார். கர்வத்தை சோபாவிலேயே விட்டுவிட்டு, நாங்கள் எல்லோரும் பார்க்க லிஃப்ட் ஏறினார். நீச்சல் குளத்தைச் சுற்றி அவர் நடப்பதைப் பால்கனியிலிருந்து பார்த்தோம். அதற்குப் பிறகு நடந்ததைப் பி டவர் காவலாளி எங்களுக்குச் சொன்னான். அவன்தான் வீடு தெரியாமல் விழித்தவரை ஒன்பதாம் மாடிவரை கூட்டிப்போனவன்.

கதவைத் திறந்தது பெர்லிட்டா இல்லை. அவள் வீட்டில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்கியிருக்கும் நர்ஸ், ஜோவிலின். உள்ளே சீட்டுக்கட்டு கலைக்கும் சத்தம். கூடவே லிகாயாவின் சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பை அன்செல்மோ வெகுநாளாகக் கேட்டிருக்கவில்லை.

"நான் லிகாயாவோட வீட்டுக்காரன்," என்றார், தலையணையை மார்போடு அணைத்தபடி. "எங்க வீட்டுல விருந்தாளிங்க. உங்க ஏசி ரூம்ல ஒரு ஓரமா, தரையில இருந்தாலும் பரவாயில்ல, கொஞ்ச நேரம் படுத்துக்கலாமா?"

ஜோவிலின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தில் வழிந்த வேர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள்.

"ஏசியா? இந்த வீட்டுல இருக்கிறதே ஒரு ஃபேன்தான் சார். அதையும் லிகாயா அக்கா வந்த நாள்லேருந்து என் பக்கமே திருப்பி வச்சிடுறாங்க, அவங்களுக்கு வேர்க்கிற உடம்பே இல்லையாம்."