பெட்டிக்குள் மடித்து வைத்த முடிவு

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். அந்த எழுத்தாளர் எனக்கு அவ்வளவு நெருக்கம். ஒரே சட்டையை இருவரும் போட்டுக்கொள்கிற நெருக்கம்.

மனிதர் ஒன்பது தொடர்கதை எழுதியவர். ஒன்பதிலும் கதாநாயகனைக் கடைசி அத்தியாயத்தில் கொன்றுவிடுவார். அதோடு இன்னொரு வியாதி. தானே நடித்துப் பார்க்காத எதையும் அவரால் எழுத முடியாது. நாயகன் ஆற்றில் மூழ்கினால் இவர் வாளித் தண்ணீரில் தலையை விடுவார். மலையிலிருந்து உருண்டால் இவர் கட்டிலிலிருந்து உருளுவார். பக்கத்தில் மனைவி துண்டோடு நிற்பாள். ஒன்பது தடவை செத்தும், ஒரு தடவைகூடச் சாப்பாட்டு நேரம் தவறியதில்லை.

பத்தாவது தொடரில் வந்தது வினை. பத்திரிகை ஆசிரியர் போனில் சீறினார்.

"சார், உங்க ஆள் எப்படியும் சாவான்னு ஊருக்கே தெரியும். கடைசி வாரம் பத்திரிகையை எவனும் வாங்கறதில்ல. இந்தத் தடவையாவது யாரும் எதிர்பார்க்காத முடிவா குடுங்க. இல்லேன்னா உங்க கடைசித் தொடர் இதுதான். சாயங்காலத்துக்குள்ள வேணும்."

எழுத்தாளருக்கு எழுதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவர்தான் விழும். முடிவு செய்தார்: நாயகன் சாக மாட்டான். மனைவியை விட்டு, பெட்டியோடு, திரும்பியே பார்க்காமல் போய்விடுவான்!

அப்படியென்றால் இவரும் போயாக வேண்டுமே. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார்.

"எங்கங்க, பெட்டியும் கையுமா?" மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒரு நண்பரைப் பார்க்க."

"எந்த நண்பர்?"

"உனக்குத் தெரியாதவர்."

"எனக்குத் தெரியாத நண்பர் உங்களுக்கு ஏதுங்க?"

"இப்பத்தான் பழக்கம்."

"சரி, குடுங்க. நான் அடுக்கறேன். நீங்க அடுக்கினா பெட்டி மூடாது."

வீட்டை விட்டு ஓடுகிறவனுக்கு மனைவியே பெட்டி அடுக்கினால் அது என்ன ஓட்டம்? எழுத்தாளர் பல்லைக் கடித்துக்கொண்டு குளிக்கப் போனார். கிளம்பும்போது வாசலில் நின்று, நாயகனின் குரலில், "இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்றார்.

"சரிங்க. குடையை எடுத்துக்கங்க."

பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கேயோ தூரமாகப் போகிற பேருந்து எதிரே உறுமிக்கொண்டிருந்தது. நாயகன் அதில் ஏற வேண்டும். எழுதிவிடலாம் என்று சட்டைப் பையைத் தொட்டார். பேனா இல்லை. காகிதமும் இல்லை. மூக்குக்கண்ணாடிகூட இல்லை. உலகத்திலேயே பேனா இல்லாமல் ஓடிப்போன முதல் எழுத்தாளர்!

பெட்டியைத் திறந்தார். மேலேயே கண்ணாடி. பக்கத்தில் இரண்டு பேனா, ஒரு கட்டு வெள்ளைக் காகிதம், இருமல் மருந்து. மாற்றுத் துணி? ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. அடியில், நாலாக மடித்து, காது பிய்ந்து நீல நூலால் தைத்த துணிப்பை ஒன்று.

காய்கறிப் பை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து போயே போய்விட்டது. அந்தப் பிய்ந்த காதைத் தைத்தவள்தான் ஒன்பது சாவுக்கும் துண்டோடு நின்றவள். மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கைக்குட்டை இல்லாததால் பையிலேயே துடைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எழுதினார்: நாயகன் பெட்டியைத் திறக்கிறான், பையைப் பார்க்கிறான், கடைக்குப் போகிறான், வீடு திரும்புகிறான். அவர் கையால் உயிர் பிழைத்த முதல் நாயகன்!

உடனே ஆசிரியருக்குப் போன் போட்டார். "முடிவு கிடைச்சிடுச்சு! பிரம்மாவே வந்தாலும் ஊகிக்க முடியாது!"

"காய்கறிப் பைதானே சார்?"

"எ... எப்படித் தெரியும்?"

"நீங்க குளிக்கப் போனப்பவே அம்மா போன் பண்ணிட்டாங்க. 'பஸ் ஸ்டாண்டுல உக்காருவார், பையைப் பார்ப்பார், திரும்பிடுவார், படம் வரையறவரை ஆரம்பிக்கச் சொல்லுங்க'ன்னாங்க. பையும் வெங்காயமுமா படம் ரெடி. பிரமாதமான முடிவு சார்! அடுத்த தொடரும் உங்களுக்கே. அதோட முடிவையும் அம்மாகிட்ட இப்பவே கேட்டு வெச்சுட்டேன்."

எழுதியதைப் பத்திரிகை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பை நிறையக் காய்கறியோடு வீடு வந்தார்.

"நண்பர் எப்படிங்க இருக்கார்?"

"நல்லா இருக்கார். உன்னாலதான் உயிரோட இருக்கேன்னு சொல்லச் சொன்னார்."

அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"படத்துல வெங்காயம் இருக்காமே. பையில எங்கங்க?"

இதுதான் நடந்தது. கேட்டதோடு விடுங்கள், யார் சொன்னதென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கடை மூடப் போகிறது, நான் ஓட வேண்டும். வெங்காயம் இல்லாமல் திரும்பினால் என் முடிவு என்னவென்று அவளுக்கு இப்போதே தெரியும்.