ரோலிங் அண்ணனும் ஸ்ரீவைகுண்டத்தில் விழுந்த பாட்டும்

ஒரு பாட்டை நடுவழியில் கொன்றுபோட்டு, அதற்குக் கைத்தட்டலும் வாங்கிய மனிதர், பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை ஆற்றோடு நடந்து தேடினாலும் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ரோலிங் அண்ணன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. ஒருமுறை அவருடைய ஆதார் அட்டையில் பார்த்தேன், வெளியே வருவதற்குள் மறந்துவிட்டேன்.

எங்கள் மெல்லிசைக் குழுவில் அவர் டிரம்ஸ், நான் பேஸ் கிதார். பாட்டில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சின்னதாக ஒரு சந்து கிடைக்கும். நாலு எண்ணுவதற்குள் முடிந்துவிடுகிற சந்து. அதில் டிரம்ஸ்காரர் டகடகடகவென்று ஒரு உருட்டு உருட்டி, பாடுகிறவரை அடுத்த வரியில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். மேடைக்காரர்கள் பாஷையில் இதற்குப் பெயர் ரோலிங். மற்ற டிரம்ஸ்காரர்கள் நாலைந்து ரோலிங்கை வைத்துக்கொண்டு ஆயுசையே ஓட்டிவிடுவார்கள். எங்கள் ஆளுக்கு ஒரு மேடையில் வாசித்த ரோலிங்கை அடுத்த மேடையில் வாசிப்பது எச்சில் இலையில் சாப்பிடுவது மாதிரி. மேடைக்கு மேடை புதுசு வேண்டும்.

புதுசுக்கு எங்கே போவது? அதற்காகவே அவர் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தார். பகலில் வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையில் வேலை. குடம் கேட்டு வருகிறவர்களிடம் எட்டுக் குடத்தைத் தட்டிக் காட்டுவார். நல்ல சத்தம் வருகிற குடத்தை மட்டும் விற்க மாட்டார். "அது மேல்தட்டுல கிடக்கட்டும்க்கா, அதுல ஒரு விசயம் இருக்கு" என்பார். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அந்தச் சத்தத்தையும் அண்ணன் விரலால் தொடையில் குறித்துக்கொள்வார்.

கொத்து புரோட்டா போடுகிற சத்தத்தை மட்டும் தொட மாட்டார். "அதை ஊர்ல எல்லாவனும் வாசிச்சு முடிச்சாச்சுலே. நமக்கு எதுக்கு?"

ஒருநாள் ஆற்றங்கரையில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடிப்பதும் மற்றவர் அடிப்பதும் முன்னே பின்னே விழுந்து, எங்கேயோ ஒரு இடத்தில் ஒன்று சேர்ந்தது. அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், யாருவே அது? எங்களப் பாத்துத் தொடையத் தட்டிக்கிட்டு நிக்கீரு?"

"தப்பா நினைக்காதீய தாயி. கடைசியா ஒண்ணு போட்டீயள்ல, அத மட்டும் இன்னொரு தடவ துவைங்க."

அந்த அம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. வாளியை அவர் பக்கம் தள்ளிவிட்டார். "சத்தந்தான வேணும்? நீரே துவையும்." அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி ஆற்றில் இறங்கிவிட்டார். எட்டு போர்வை, நாலு ஜமுக்காளம். சாயங்காலம் கை வீங்கி அறைக்கு வந்து, "கிடைச்சுட்டுலே" என்றார்.

நானும் அவரும் ஒரே லாட்ஜில் ஒரே அறை. அவர் பயிற்சி செய்வது தலையணையில். தலையணையில் குச்சி திரும்பி எழும்பாது, எழுப்புவதற்கு மணிக்கட்டு வேலை செய்ய வேண்டும், அதனால் கை பலப்படும் என்பது அவர் கட்சி. பலப்பட்டது கை, செத்தது என் தலையணை. இடதுகை சோம்பேறி என்று பல் தேய்ப்பது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாவற்றையும் இடதுகைக்கு மாற்றினார். மெஸ்ஸில் இடதுகையால் சோற்றைப் பிசையப் போனபோதுதான் பரிமாறுகிறவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணாச்சி, உம்ம கைய எப்படி வேணும்னாலும் வளத்துக்கிடும். எங்க இலையில வேண்டாம்." அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் பின்வாங்கிப் பார்த்தேன்.

இனி வருவது சிரிக்கிற கதை இல்லை. என் பங்கும் இதில் இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றுவதை அண்ணன் பார்த்திருக்கிறார். ஆட்கள் வரிசையாக நின்று தாரைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்ப, கடைசி ஆள் லாரிக்குள் இறக்குகிற சத்தத்தோடு ஒரு சுற்று முடியும். அதை வைத்து ஒரு ரோலிங் கட்டினார். சின்ன டிரம்மில் பையத் தொடங்கி, ஒவ்வொரு டிரம்மாகக் கைமாறி, பெரிய டிரம்மில் போய் இறங்கும். தலையணையில் கேட்டதற்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அண்ணே, அந்த ஊர்லயே ஒரு கல்யாண வரவேற்பு இருக்கு. அங்கயே இத வாசிச்சிரணும்" என்று நான்தான் சொன்னேன். அவர் தயங்கினார். "இன்னும் கைக்குள்ள நிக்கலலே." நான் விடவில்லை.

கல்யாண மண்டபத்தில் மணமக்கள் கைகோத்து நடந்து வருகிறார்கள். பிரேமா அக்கா பாடுகிறார். சரணத்தின் முதல் வார்த்தையில் மாப்பிள்ளை பூங்கொத்தை நீட்ட வேண்டும் என்று வீடியோக்காரர் மூன்று முறை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பல்லவி முடிந்தது. வாழைத்தார் புறப்பட்டது.

நாலு எண்ணி முடிந்ததும் பிரேமா அக்கா வாயைத் திறந்தார். தார் இன்னும் பாதி வழியில். அக்கா வாயை மூடினார். மாப்பிள்ளை நீட்டிய பூங்கொத்தை இழுத்துக்கொண்டார். அக்கா மறுபடி தொடங்கினார், பூங்கொத்து மறுபடி வந்தது, தார் இன்னும் வந்தபாடில்லை. கீபோர்டு ஒரு பக்கம் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, ‘இது யார் பார்த்த வேலை?’ என்கிற முகத்தோடு அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். டிரம்ஸுக்கு அடியில் பேஸ் நின்றால்தான் அவருக்குத் தரை தெரியும். அதையும் உருவிவிட்டேன். அவர் தனியாகப் போய், தனியாக டொம்மென்று இறங்கினார். அதன் பிறகு மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். பெண்ணின் மாமா இதுதான் புதுமாதிரி முடிவு என்று நினைத்துக் கை தட்டினார். மண்டபமே தட்டியது.

குழுவின் முதலாளி மேலப்பாளையத்துக்காரர். நாங்கள் பாய் என்போம். கீபோர்டும் அவரே, கோபமும் அவரே. திரும்பி வரும்போது வேனில் கேட்டார். "யாருவே உம்மள அத வாசிக்கச் சொன்னது?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி, "நானாத்தான் பாய்" என்றார்.

நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று நான் இருந்த இருப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடிக்காது.

இரண்டு நாளில் ஒத்திகை அறைக்கு ஒரு பெட்டி வந்தது. தானே தாளம் போடுகிற மெஷின். பாய் அதைப் பிரித்து மேசையில் வைத்தார். "இது நாலுன்னா நாலுதான் வாசிக்கும்வே. அடுத்தது உம்ம ஊர்த் திருவிழா. எங்க ஊர்ப் பயதான் டிரம்ஸ் வாசிக்கணும்னு கமிட்டிக்காரங்க சொல்லிட்டாங்க, அதனால விடுதேன். அங்கன ஒரு பாட்டு விழுந்தாலும் அதுதான் கடைசி. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன், உம்ம இடத்துல இந்தப் பெட்டிதான் உக்காரும்."

அண்ணனுக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வேறு குழுவில் யாரும் கூப்பிடப் போவதில்லை, அவருடைய பெயர் அப்படி. இந்த டிரம்ஸ் போனால் அவருக்கு மிச்சம் பாத்திரக்கடைக் குடம்தான்.

மூன்று வாரம் இருந்தது. செல்போனில் டிக் டிக் என்று தாளம் காட்டுகிற செயலியைப் போட்டுக்கொண்டு, நாலு எண்ணிக்கைக்குள் ஒரே ஒரு ரோலிங்கை அடக்கப் பார்த்தார். சாதாரண ரோலிங். கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகள் முதல் மாதத்தில் வாசிப்பது. அவருக்கு அது வரவில்லை. ஒன்று, முன்னால் போய்விடும். இல்லையென்றால் வழிந்துவிடும். நான் செயலியை நிறுத்தினேன்.

"அண்ணே, எத்தனை எண்ணி முடிக்கணும்னு மனசுல வச்சுத் தொடங்குதீய?"

குச்சியைக் கீழே வைத்தார். "எண்ணலலே. நாங்க வள்ளம் தள்ளுத ஊர். கரையில நின்னா பெரிய அலை வரிசையா வரும். மூணும் வரும், ஏழும் வரும். பெறகு சித்த நேரம் கடல் அடங்கும். அந்த நேரம் பாத்துத் தள்ளணும். எண்ணித் தள்ளுனா வள்ளம் கவுந்துரும். பாத்துத்தான் தள்ளணும். சின்ன வயசுல இருந்து கை அப்படியே பழகிட்டு. ரோலிங் தொடங்குனா அது அடங்குத வரைக்கும் எனக்குக் கைய விட முடியல."

அவ்வளவுதான் விஷயம். பாட்டு நாலு எண்ணிக்கையில் ஓடுகிறது, இவர் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே முடிவெடுத்தார். "ரோலிங்கே வேண்டாம்லே. சும்மா தாளத்தை மட்டும் போட்டுட்டு வந்துருதேன்."

உவரிக்குப் பக்கத்தில்தான் அவருடைய ஊர். கோயிலில் திருப்பலி பூசை முடிந்து ஏழு மணிக்குக் கச்சேரி. மணலில் மேடை. முன்வரிசையில் அவர் வகையறா முழுக்க உட்கார்ந்திருந்தது. மேடை ஓரத்தில் அந்தப் பெட்டி, ஒயர் எல்லாம் செருகித் தயாராக. அண்ணன் அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார்.

முதல் பாட்டு, ரோலிங் இல்லை. இரண்டாவது, இல்லை. டிக் டக், டிக் டக் என்று சுவர்க்கடிகாரத்தைப் போல வாசிக்கிறார். நாலாவது பாட்டில் கூட்டத்திலிருந்து குரல் வரத் தொடங்கியது.

"ஏலே, என்னலே மாவு ஆட்டுத? உருட்டுலே!"

"கையில சுளுக்கா மாப்ள?"

அண்ணன் நிமிரவே இல்லை. வேர்வை மூக்கு நுனியில் சொட்டுகிறது. பாய் கீபோர்டிலிருந்து ஒரு முறைப்பு முறைத்தார். ஒவ்வொரு பல்லவி முடியும்போதும் அண்ணனுடைய குச்சி அரை அங்குலம் தூக்கி நின்று திரும்ப இறங்கும்.

ஒன்பதாவது பாட்டு. நடுவில் வருகிற வாத்திய இசை முடிந்தது. பிரேமா அக்கா மூச்சை இழுத்து வாயைத் திறந்தார். கடற்கரை மேடை, அத்தனை விளக்கு, அத்தனை பூச்சி. அதில் ஒன்று நேராக உள்ளே போய்விட்டது.

அக்கா மைக்கை விலக்கிக்கொண்டு குனிந்தார். இருமக்கூட முடியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். பாய் கையில் வாசிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை, விரல் கட்டையின்மேல் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு நொடியில் பாட்டு விழப்போகிறது. விழுந்தால் பழி யார் தலையில் என்று எழுதி ஒட்டாத குறை.

அண்ணன் தலையைத் தூக்கினார். பிரேமா அக்காவைப் பார்த்தார். சின்ன டிரம்மில் பையத் தொடங்கினார்.

என் கை பழக்கதோஷத்தில் கம்பியை விட்டு எழும்பப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எழும்பத்தான் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே சுரத்தை அழுத்திப் பிடித்து நின்றேன். நாலு எண்ணிக்கை போனது. எட்டு போனது. அக்கா தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அண்ணன் பெரிய டிரம்முக்குப் போய், அங்கே இறங்காமல் திரும்பி வந்தார். அக்கா ஒரு மடக்கு குடித்து, ‘இன்னும் ஆகவில்லை’ என்று கையை அசைத்தார். அவர் இன்னொரு சுற்றுப் போனார். ஆற்றில் துவைத்த போர்வை, வாழைத்தார், மேல்தட்டுக் குடம், எல்லாம் வந்தன. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, பாயையும் பார்க்கவில்லை. அக்காவுடைய தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்குவது நின்றது. அக்கா கண்ணை மூடி மூச்சை இழுத்தார். அந்த மூச்சு நிறைகிற இடத்தில் அண்ணன் டிரம்ஸின் வெண்கலத் தட்டை ஓங்கி அடித்து இறக்கினார். அக்கா சரணத்தின் முதல் வார்த்தையில் இருந்தார்.

பூச்சி விஷயம் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதற்காகத்தான் பயல் இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் பாய் வந்தார். "எத்தனை எண்ணிக்கைவே அது?"

"தெரியல பாய். எண்ணல."

பாய் மேடை ஓரத்துப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "பாய், ஸ்ரீவைகுண்டத்துல அத வாசிக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும்லே" என்றார் பாய். "ஒண்ணும் தெரியாதவன் பயந்துபோய்க் கூடவே வாசிப்பான். கைய எடுத்துட்டு மூஞ்சியப் பாத்தவன் நீ ஒருத்தன்தான்." பிறகு அண்ணனிடம், "அந்த ஒயரை எல்லாம் சுருட்டச் சொல்லும்வே, மணல் ஏறுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரோலிங் அண்ணனுக்கு என் மேல்தான் கோபம். "இப்ப எதுக்குலே சொன்ன? உனக்கும் ஒரு பெட்டி வாங்கி வச்சா என்ன செய்வ?" என்று திட்டிக்கொண்டே என் கிதாரையும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

இப்போதும் ஒன்றாகத்தான் வாசிக்கிறோம். சில பாட்டுகள் இன்னமும் விழுகின்றன, பாய் இன்னமும் கத்துகிறார். ஆனால் அண்ணன் உருட்டத் தொடங்கினால் நான் எண்ணுவதில்லை. ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறேன், அவர் வந்து சேர எவ்வளவு நேரமானாலும்.