களஞ்சியத்துக்கு நெல் வந்த கதை

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள மருமகள் சிவாஜினிக்கு,

மாமா இரத்தினசிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உன் மாமி அன்னலட்சுமியும் சுகம். குரலும் முன்னைப்போலவே பலம். மெல்பேர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காலுறை போட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நலமாயிருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் உனக்கு நன்றி சொல்லத்தான். போனில் சொன்னால் குரல் தழுதழுக்கும், மாமி சிரிப்பாள், ஆகவே எழுதுகிறேன்.

பென்சன் எடுத்த பிறகு கதிரையோடு ஒட்டிக் கிடந்த என்னை நீதான் எழுப்பினாய். "மாமா, மெசினுகளும் கொம்பியூட்டரும் சனத்துக்குக் கேடு செய்யாமல் இருக்க எங்கட பக்கத்தில ஆர் என்ன செய்தவை, எது சரிவந்தது, எது பிழைச்சது எண்டு விசாரிச்சு எழுதித் தாங்கோ, நான் அதை எல்லாரும் தேடிப் பாக்கிறமாதிரி இணையத்தில போடுறன்" என்றாய். நானும் வந்த உற்சாகத்தில் 'பொறுப்பான தொழில்நுட்பக் களஞ்சியம்' என்று பலகை எழுதி வாசல் கேற்றில் தொங்கவிட்டேன். விடிந்து பார்த்தால் கேற்றடியில் மின்விசிறியோடு ஒருவர், சோறு அவிக்கும் குக்கரோடு ஒருவர், சத்தம் வராத ரேடியோவோடு இன்னொருவர். "பொறுப்பெடுத்துத் திருத்துறீங்களாமே?" என்கிறார்கள். இல்லை, இது அறிவுக் களஞ்சியம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாமி உள்ளேயிருந்து, "அறிவு இருக்கட்டும், அந்தக் குக்கரையாவது பாத்துக் குடுங்கோவன்" என்றாள். அவர்களை ஒருவாறு அனுப்பிவிட்டுத் திரும்பினால், வீதியை அடைத்துக்கொண்டு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் நிற்கிறது, பின்னால் பெட்டி நிறைய நெல் மூட்டை. ஓட்டி வந்தவர் தோப்பூர் றம்ஸான், கமக்காரர். "களஞ்சியம் திறந்திருக்கெண்டு சந்தையில சொன்னாங்க ஐயா, நெல்லு எடுக்க மாட்டீங்களா? அப்ப இதுக்கு ஆரு பொறுப்பு?" என்று கேட்டார். நெல்லுக்கு நான் பொறுப்பில்லை, ஆனால் தேத்தண்ணிக்குப் பொறுப்பு என்று உள்ளே கூட்டிவந்தேன்.

அந்தத் தேத்தண்ணியில்தான் நம் களஞ்சியத்தின் முதல் நல்ல பதிவு கிடைத்தது, மகள். அவர்களுடைய சங்கத்தில் உரம் கொடுக்க விரல் அடையாளம் பார்க்கும் மெசின் வைத்தார்களாம். மண்ணிலும் கயிற்றிலும் தேய்ந்த விரலை அது பிடிக்கவில்லை. "பத்து விரலையும் வெச்சன் ஐயா, பத்தும் நானில்லையாம்" என்றார். பிறகு சங்கத்தார் கூடிப் பேசி, படம் போட்ட அட்டையும் கொடுத்து, மெசின் மாட்டேன் என்றாலும் ஒருவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, பக்கத்துக் காணிக்காரர் அடையாளம் சொன்னால் போதும் என்று முடிவெடுத்தார்களாம். கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே தட்டச்சுச் செய்து, 'உயிரியளவைச் சரிபார்ப்பின் புறந்தள்ளல் விளைவுகளும் மாற்றேற்பாடுகளும்' என்று தலைப்பிட்டு உனக்கு அனுப்பினேன். தலைப்பைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

போன கிழமை ஒரு போன். கிண்ணியாவிலிருந்து சுஹைரா, சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ரீச்சர். "சேர், உங்கட களஞ்சியம் எங்கட உம்மாவ வலைத்தளம் கட்டச் சொல்லுது" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவளுடைய தாய் அசனா உம்மா மீன்வலை பின்னுகிறவர், சீனி வருத்தக்காரி. அவர் மருந்தெடுக்கும் தரும நிலையத்தில் புதிதாக விரல் மெசின் வைத்து, அது ஆள் இவரில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டதாம். மிச்சமிருந்த இன்சுலினை உம்மா குறைத்துக் குறைத்துப் போடுகிறாராம். "வலை பின்னி விரல் தேஞ்சவங்களுக்கு மெசின் வேலை செய்யல்ல எண்டு தேடினன் சேர். வலைத்தளம், வலையமைப்பு எண்டு முப்பது வருது. எனக்கு உம்மாவ நினைச்சாப் பயமா இரிக்கி."

கொஞ்சம் பொறு பிள்ளை, அந்த மெசினுக்கே மருந்து நம்மிடம் இருக்கிறது என்று சொல்லி நானும் தேடினேன். நான் எழுதிய பதிவு எனக்கே வரவில்லை! தலைப்பு சரியாக நினைவிலில்லை. குசினியிலிருந்து மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆர் இப்பிடித் தேடுவினம்? பெருவிரல் எண்டு போடுங்கோ. கைநாட்டு எண்டு போடுங்கோ. அந்தப் பிள்ளை விரல் மெசின் எண்டுதானே சொல்லுது, அதையும் போடுங்கோ" என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு, சுஹைரா அங்கேயிருந்து சொல்லச் சொல்ல, மாமி இங்கேயிருந்து சொல்ல, யாரும் எழுதலாம் என்று நீ திறந்துவிட்ட களஞ்சியப் பக்கத்தில் நான் ஒவ்வொரு சொல்லாகப் பதிவில் சேர்த்தேன். தலைப்பையும் அழித்து, 'விரலை மெசின் பிடிக்காவிட்டால் என்ன செய்யலாம்' என்று மாற்றினேன். அடுத்த தரம் சுஹைரா தேடியபோது அதுதான் முதலாவதாக வந்தது. "வந்திட்டு சேர், வந்திட்டு!" என்று அவள் கத்தியதில் மாமி சாமி அறைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

பதிவை அச்செடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். றம்ஸானும் வந்தார், கூப்பிட்டதுமே, "எண்ட கதைய நானே சொல்றன் ஐயா, நீங்க சொன்னா விளங்காது" என்று வந்துவிட்டார். சுஹைராவும் உம்மாவும் நிலைய வாசலில் காத்திருந்து எங்களோடு உள்ளே வந்தார்கள். நிலையத்துப் பொறுப்பாளர் டொக்டர் சுலோஜனா முதலில் கடுகடுத்தார். "மெசின் வச்சது கள்ளப் பேரில மருந்து எடுக்கிறதை நிப்பாட்ட. அதை எடுக்க ஏலாது."

"எடுக்க வேணாம் டொக்டர், எங்கட மெசினும் இன்னும் இரிக்கி" என்றார் றம்ஸான். "அது இல்லையெண்டு சொன்னா, பிறகு ஒரு மனிசன் கேக்கணும். அவ்வளவுதான்."

டொக்டர் பதிவை இரண்டு முறை வாசித்தார். பிறகு, மெசின் வைத்த நாள் தொடங்கி மருந்தில்லாமல் போனவர்கள் யார் யார் என்று உதவியாளரிடம் கேட்டார். வலைக்காரர், கல்லுடைக்கிறவர், தென்னந்தும்பு அடிக்கிறவர் என்று உதவியாளர் சொல்லிக்கொண்டே போக, டொக்டரின் முகம் மாறிவிட்டது. "இண்டைக்கே எல்லாருக்கும் போன் எடுங்கோ" என்றவர், எழுந்து போய் அசனா உம்மாவின் மருந்தைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். உம்மா என் கையைப் பிடித்து, "அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரணும் மகன்" என்றார். அந்த விரல் நுனிகள் வழவழவென்று, ஒரு கோடும் இல்லாமல் இருந்தன. உன் மாமா அங்கேயே நின்று அழுதுவிட்டேன். தூசி என்று றம்ஸானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

சிவாஜினி, இந்த வயதில் காலையில் எழும்ப எனக்கொரு காரணம் தந்தாய். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இப்போது போன் ஓயாமல் அடிக்கிறது. அதில் பாதி குக்கர் பற்றித்தான், இருந்தாலும் அடிக்கிறது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கோணேசர் உன்னையும் மாப்பிள்ளையையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

என்றும் உன் அன்பு மாமா,
இரத்தினசிங்கம்

பி.கு: மாமி கடிதத்தை வாசித்துவிட்டு, "ஒரு மனிசியின்ர வருத்தத்தை அவவிட்டக் கேக்காமல் எழுதலாமோ? இதுதானோ உங்கட பொறுப்பு?" என்று பிடித்துக்கொண்டாள். பயந்துபோய்ச் சுஹைராவுக்குப் போன் எடுத்தேன். அவள் சிரிக்கிறாள். உம்மாவே சொல்லச் சொல்ல முழுக் கதையையும் நேற்றே களஞ்சியத்தில் ஏற்றிவிட்டாளாம், நீயும் வாசித்துவிட்டு மெல்பேர்னிலிருந்து வாழ்த்து அனுப்பினாயாம். ஆகவே இந்தக் கடிதத்தில் உனக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இல்லை. கூடவே, அன்று நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் அவர்கள் வீட்டில் எருமைத் தயிர் தந்தபோது மீசையெல்லாம் தயிரோடு நான் இருந்த கோலத்தைப் படமெடுத்து அதையும் போட்டிருக்கிறாளாம். "உங்களட்டக் கேக்க மறந்திட்டன் சேர்" என்கிறாள். மகள், படத்தை எடுத்துவிடச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் தயிர் என்று தேடினால் மாவட்டத்திலேயே உன் மாமாதான் முதலாவதாக வருகிறேனாம். இருக்கட்டும் விடு.